பகலில் தூங்கப் பழகிய வாரம்

மாசி பிறந்த பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, மனைவி விளக்கேற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்த நேரத்தில் அவளுடைய அண்ணன் வாசலில் வந்து நின்றார். எனக்கு மச்சான், இரவில் ட்ரெய்லர் லாரி ஓட்டுபவர். வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. விளக்கு வைக்கிற நேரம்தான் அவர் வண்டியில் ஏறுகிற நேரம். அன்று வண்டி பட்டறையில் கிடந்ததால் வந்திருந்தார்.

"மாப்ள, எங்க டிப்போல ஆள் எடுக்குறாங்க. நைட்டு. உங்ககிட்ட பெரிய லைசன்ஸ் இருக்குதானே?"

"இருக்கு மச்சான். எடுத்ததோட சரி. ட்ரெய்லர் தொட்டு ரொம்ப நாளாச்சு."

"அதெல்லாம் கை மறக்காதுலா. ரெண்டு ட்ரிப் நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

எனக்கு வேலை தேவைப்பட்டது அவருக்குத் தெரியும். மலாக்கா பட்டணத்தில் ஒரு மொத்தக் கடையின் சின்ன லாரியை நான் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அரிசி, எண்ணெய், சீனி. காலையில் தங்கா பத்து என்கிற ஊர்ப் பக்கத்துக் கடைகள், மதியம் உம்பாயில் மீன் சாப்பாட்டுக் கடைகள், வாரத்தில் இரண்டு நாள் ஜாசின், நியாலாஸ். சாயங்காலம் வீடு. அந்த வருடம் சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து கடை திறந்த அன்றே சீன முதலாளியான தவுக்கே எங்களைக் கூப்பிட்டு, பங்குனிக்குள் கடையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய பிள்ளைகள் யாருக்கும் அரிசி மூட்டையில் விருப்பம் இல்லை. என் மகள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் இருந்தாள். அடுத்த வருடம் அவளை எங்காவது படிக்க அனுப்ப வேண்டும். என் வயதில் லாரி ஓட்டப் பகல் வேலை கேட்டுப் போன இடங்களில், இளம் ஆட்கள் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

மனைவி காப்பியோடு வந்தாள். "நைட்டுன்னா எப்படிண்ணே?"

"சாயந்தரம் ஏறுனா ஈப்போ. அங்க வடக்கேருந்து வர்றவன் நிப்பான். கண்டெய்னர் பெட்டிய மாத்திக்க வேண்டியது, திரும்பி வர வேண்டியது. விடிஞ்சா வீடு. சனிக்கிழம நைட்டு மட்டும் லீவு."

"நீ எப்ப தூங்குற?"

"எனக்கென்னா, எங்க உக்காந்தாலும் தூங்குவேன்."

"அது ஊருக்கே தெரியும். உம் மக நிச்சயத்துல, தட்டு மாத்துறப்ப தட்டைப் புடிச்சிக்கிட்டே தூங்குனவன்தானே நீ. சம்பந்தி வீட்டு ஆளுங்க தட்ட உருவி எடுத்தாங்க."

"ஒரு நிமிசம்லா அது."

"ஒரு நிமிசம் ஹைவேல தூங்குனா?"

மச்சான் காப்பியை ஊதிக் குடித்தார். மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஓட்டுறது உங்களுக்குத் தெரியும். பகல்ல தூங்கத் தெரியுமா? அதப் பாத்துட்டு சொல்லுங்க, சரின்னு."

டிப்போவுக்கு மாசி மகம் முடிந்த மறு திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கடையில் எடுக்காத விடுப்பு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கிப் பார்ப்பது என்று முடிவானது. வேறு யாருக்கும் சொல்லவில்லை. அது முதல் தவறு.

எங்கள் தமான் குடியிருப்பில் பாதிப் பேர் நியாலாஸ், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் பகல் தூக்கம் என்பது தெரியாத பொருள் அல்ல. விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்வார்கள். ஆனால் காலையில் படுத்திருப்பது வேறு. காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஒருவன் வரவில்லை என்றால் அவன் நோயாளி. மேற்பார்க்கும் மண்டோர் ஆள் அனுப்பிப் பார்ப்பார். வேலை முடிந்து வந்த லயமே, கால் கழுவிக்கொண்டு, அவன் வீட்டு வாசலில் கூடும். வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்களின் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, எல்லாரும் தமான்களுக்குக் குடிவந்த பிறகும் இந்த ஒரு வழக்கம் மட்டும் அப்படியே கூட வந்துவிட்டது.

ஞாயிறு இரவு புத்தகம் படித்தும், எங்கள் தோட்டத்தைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த பழைய குறிப்புகளைத் திருத்தியும் விழித்திருந்தேன். திங்கள் காலை மனைவி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைக்கு வேலைக்குப் போனாள். மகள் பள்ளிக்குப் போனாள். சன்னலில் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்தேன். முதலில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். பிறகு கேஸ் லாரி. பிறகு எதிர் வீட்டில் புல் வெட்டும் இயந்திரம். கண் சொருகிய நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வேலிக்கு மேலாக வந்தது.

"தம்பீ! மோட்டார் நிக்குது, வேலைக்குப் போகலியா?"

அரைத் தூக்கத்தில், "படுத்திருக்கேன்க்கா" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் அக்காவும் அவருடைய கணவரும், இன்னும் நான்கைந்து பேரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பை ஆரஞ்சு, ரொட்டி, பிஸ்கட் டின், போத்தலில் பார்லித் தண்ணீர். நான் கைலியோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னா தம்பி, சுகரா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"பிரஷரு?"

"ஒன்னும் இல்லக்கா. சும்மா தூங்குறேன்."

"சும்மா எவனாச்சும் காலைல தூங்குவானா? மறைக்கிறான் பாரு."

அவருடைய கணவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "கண்ணு செவந்திருக்கு."

"ராத்திரி முழுக்க தூங்கல மாமா, அதான்."

"பாத்தியா?" என்றார் அவர், அக்காவைப் பார்த்து. "ராத்திரி தூக்கம் இல்ல. நெஞ்சுதான் இது."

அதன் பிறகு பேச்சு என்னை விட்டுவிட்டது. யார் யாருக்கு எந்த மருத்துவமனையில் எத்தனை அடைப்பு எடுத்தார்கள், யார் கடைசி வரைக்கும் சொல்லாமலே போனார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பார்லித் தண்ணீரைக் குடித்தேன். மதியம் வேலை முடிந்து வந்த மனைவி, வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்ததும் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். எங்கள் வீடுகளில் வாசலில் அவ்வளவு செருப்பு கிடந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. நான் ஆரஞ்சு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் திட்டியது எனக்கும் விளங்கியது, வந்தவர்களுக்கும் விளங்கியது.

சாயங்காலம் மகள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தாள். "ப்பா, கோயில் வாட்சாப் குழுவுல உங்களுக்கு ஹார்ட் அட்டேக்காம். எல்லாரும் சாமி படம் போட்டிருக்காங்க. ரிப்ளை பண்ணவா?"

"என்னன்னு?"

"இன்னும் இருக்காரு, ஆரஞ்சு சாப்புடுறாருன்னு."

செவ்வாய்க்கிழமை காலை நானே வேலிப் பக்கம் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். இரவு வேலை வந்திருக்கிறது. பகலில் தூங்க முடியுமா என்று பழகிப் பார்க்கிறேன்.

"தூங்குறதுக்குப் பழகுறியா?" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஏங்க, இங்க வாங்க! இந்தத் தம்பி தூங்கப் பழகுதாம். இந்த வயசுல!"

அன்று வந்தவர்கள் நோய் விசாரிக்க வரவில்லை. யோசனை சொல்ல வந்தார்கள். ஒருவர், சாயங்காலம் தூங்கி எழுந்தால் வீட்டுக்கு ஆகாது, விளக்கு வைக்கும் முன் எழுந்துவிட வேண்டும் என்றார். இன்னொருவர், வடக்கே போகும் நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் வெள்ளைச் சேலையோடு ஒருத்தி கை காட்டுவாள் என்று இடம் குறிப்பிட்டுச் சொன்னார். "நிப்பாட்டாத. ஆனா ஹார்ன் அடி, மரியாதைக்கு."

அன்றும் தூக்கம் வரவில்லை. கம்பளியின் ஓரத்தில் வெயில் கோடாக விழுந்துகொண்டிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் இருட்டில்தான் வேலைக்குப் போனார்கள்; தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். இரவு வேலை நம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று மச்சான் ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. அவர்கள் இருட்டில் தொடங்கினார்கள், ஆனால் வெளிச்சத்தை நோக்கிப் போனார்கள். கடைசி மரத்துக்கு வரும்போது தலைவிளக்கு தேவைப்படாது. நான் ஏறப்போவது வெளிச்சம் போகிற நேரத்தில். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்க்க வருகிற நேரத்தில்.

உண்மையில் என்னைத் தடுத்தது அதுதான். எங்கள் ஆட்களின் வாழ்க்கை சாயங்காலத்தில்தான் நடக்கிறது. கோயில் உபயம், கல்யாணத்துக்கு முந்திய நாள் பந்தல், கருமாதி. சாவு எப்போது வேண்டுமானாலும் வரும். வந்தால் வீட்டுக்கு ஒருவர் போய் நிற்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் போனவன் நான். இறந்தவர் எந்தத் தோட்டம், எந்த வருடம் எங்கே மாற்றலாகிப் போனார், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால், பாடை எடுக்கும் முன் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைப் பெரிய காரியம் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் கூப்பிடாமல் விட்டால் எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் இது; இன்னொரு பக்கம் மகளின் படிப்பு. நடுவில், தூங்காமல் அவ்வளவு நீளமான வண்டியை ஓட்டினால் முன்னால் போகிற சின்னக் காரில் எந்தக் குடும்பம் இருக்குமோ என்ற பயம்.

புதன்கிழமை காலை படுத்தபோது ஏதோ மாறியிருந்தது. ரொட்டிக்காரரின் மோட்டார் வந்தது, ஹார்ன் கேட்கவில்லை. அக்கா அவரைத் தெரு முனையிலேயே நிறுத்தி, "தம்பி தூங்குறான், வாயில கூப்புடு, அதுவும் மெல்ல" என்று சொல்லியிருந்தது பிறகு தெரிந்தது. எதிர் வீட்டின் மீதிப் புல்லை வெட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் அக்காதான். அந்த அமைதியில், அந்த வாரத்தில் முதல் முறையாக, நான் தூங்கினேன். கனவு இல்லாத, கனமான தூக்கம்.

எழுந்தபோது சாயங்கால வெயில். நன்றாக இருந்தது. முடியும் என்று தோன்றியது. மச்சானுக்கு அப்போதே தொலைபேசி போட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்து வெளியே வந்தேன். சாப்பாட்டு மேசையில் மகள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பின்பக்கக் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம். மனைவி தலைக்கு ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தாள். உடுத்தியிருந்த சேலை வாளியில் நனைந்து கிடந்தது.

சாவு வீட்டுக்குப் போய் வந்தால்தான் நாங்கள் வீட்டுக்குள் நுழையும் முன் அப்படிப் பின்பக்கத்தில் குளிப்போம்.

"யாரு?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் சொன்னாள். என் லயத்துக் கூட்டாளி. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே சைக்கிளில் ஆற்றுக்குப் போனவன். முந்திய இரவு லீவில் வீட்டில் இருந்தபோது திடீரென்று மூச்சு நின்றுவிட்டது. காலையில் செய்தி வந்தது. மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

மனைவி ஈரத் தலையோடு உள்ளே வந்தாள்.

"ஏன் எழுப்பல?"

"எழுப்பத்தான் வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன்."

"அப்பறம்?"

"அவரு பொண்டாட்டிதான் எழுப்ப வேணாம்னு சொன்னாங்க. போன்ல அழுதுகிட்டே, அண்ணன் தூங்குறாரா, அப்ப எழுப்பாதீங்கன்னாங்க. நா என்னங்க செய்யிறது?"

மோட்டாரை எடுத்துக்கொண்டு நியாலாஸுக்குப் போனேன். நான் வாரா வாரம் லாரி ஓட்டுகிற அதே பாதை. இருபுறமும் செம்பனை. வழியெல்லாம் யாரைத் திட்டுவது என்று தேடிக்கொண்டே போனேன்.

அவன் வீட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடல் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அவன் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். வேண்டாம் என்று கையைக் காட்டி எதிரில் உட்கார்ந்தேன்.

"கோவமாண்ணே?"

"இல்லம்மா."

"கோவம்தான். தெரியுது." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு நைட்டு வேல வரப்போவுதுன்னு குழுவுல போட்டிருந்தாங்க. மொதல்ல நெஞ்சு வலின்னாங்க, அப்பறம் இல்ல, தூங்கப் பழகுறாருன்னாங்க. இவரு படிச்சிட்டு ஒரே சிரிப்பு. அவனால முடியாது, ஊருல எவனாச்சும் தும்முனாலும் போய் நிக்கிறவன்னாரு."

என் கூட்டாளி பல வருடங்களாக ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா. காவல் வேலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவனை விசேஷங்களில் பார்ப்பது அரிது. அவன் மனைவிதான் வருவார், பிள்ளைகளோடு, சீக்கிரமே கிளம்பிவிடுவார்.

"இவரு காலைல வந்து படுப்பாரு" என்றார் அவர். "அப்பலேருந்து நான் கேட்டுப் பக்கத்துலயே குந்திக்கெடப்பேண்ணே. யாரு வந்தாலும் மெல்லப் பேசுங்கன்னு சொல்றதுதான் என் வேல. எங்க மாமியா வந்தாலும் அப்படித்தான். ஒரு தடவ எழுப்பி உட்டுட்டேன், எங்க சித்தப்பா தவறுனப்ப. அன்னிக்கு நைட்டு வேலைக்குப் போற வழியில மோட்டார்லருந்து கீழ உழுந்துட்டாரு. கால்ல அந்தத் தழும்பு பாத்திருப்பீங்க. அதுலருந்து யாருக்காகவும் எழுப்புனதில்ல."

வெளியே பந்தல் கம்பிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகிற சத்தம் கேட்டது. அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இன்னிக்குக் காலைல பொம்பளைங்க எல்லாம் வந்து சத்தம் போட்டு அழுதாங்கண்ணே. நான் பழக்கத்துல, சத்தம் போடாதீங்க, அவரு தூங்குறாருன்னு சொல்லிட்டேன். எல்லாரும் அப்படியே நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க."

பந்தல் பிரித்து முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் கிளம்பும்போது, "வேலைய எடுங்கண்ணே. ஆனா தூங்குங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும் முன், மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் முந்திய இரவு யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"வேலைய எடுக்குறேன். ஆனா ஒன்னு. சாவுன்னா எழுப்பிடணும்."

"மாட்டேன்."

"நம்ம வீட்டுலருந்து யாரு போறது அப்ப?"

"நேத்து யாரு போனா?"

நான் மேசையில் கிடந்த மகளின் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தேன்.

"நான் போனேன். பக்கத்து வீட்டு அக்கா கூட போனேன். எங்க உக்காரணும்னுகூட தெரியல, இத்தன வருசமா நீங்க காட்டுற எடத்துல உக்காந்தவ. ஆனா போயிட்டு வந்தேன்தானே?" அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "மத்தியானம் உங்கள எழுப்பிவிட்டுட்டு, சாயந்தரம் லாரியில ஏத்தி அனுப்பிட்டு, விடியிற வரைக்கும் நான் எப்படிங்க படுத்துக் கெடக்கறது? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க. போய்த்தான் ஆகணும்னா இந்த வேல வேணாம், வேற பாப்போம். இந்த வேலதான்னா, கதவ மூடினா மூடினதுதான். யாரு செத்தாலும்."

"உங்க அண்ணன் செத்தாலும்?"

"அவன் செத்தா அவனே வந்து உங்கள எழுப்புவான், நீங்க கவலப்படாதீங்க."

அவள் போன பிறகு சன்னலில் கம்பளியைக் கட்டிவிட்டுப் படுத்தேன். அவள் கேட்டது நியாயம். எழுப்பப்படக்கூடிய ஒருவன் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. எழுப்பவே முடியாத ஒருவன் ஊரில் இருந்தும் இல்லாதவன். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள நினைத்தவன் நான் மட்டும்தான். என் கூட்டாளி தன் பகல்களை எப்படி வைத்துக்கொண்டான் என்று நான் கேட்டதே இல்லை. அவன் ஒதுங்கியவன் என்றுதான் ஊர் சொன்னது. ஆனால் என்னைப் பற்றிக் குழுவில் வந்ததை அவன் வாசித்துச் சிரித்திருக்கிறான். எல்லாருடைய செய்தியும் அவன் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அவன் மனைவி வழியாக.

மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அன்று கூட்டத்தில் பலர் என் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த திங்கள் மச்சானோடு டிப்போவுக்குப் போனேன். மேற்பார்வையாளர் என்னைவிட வயதில் மிகவும் இளையவர், தமிழர். லைசன்ஸைப் பார்த்தார், மருத்துவச் சோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"ஒரு நாள் சரியா தூங்கலன்னா, வண்டி எடுக்க மாட்டேன்னு சொல்லலாமா?"

அவர் மச்சானைப் பார்த்தார். "என்னா மாமா, ஆளு இப்பவே லீவு கேக்குறாரு?"

"லீவு இல்ல தம்பி. தூங்காம ஏற மாட்டேன்னு சொல்றேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மத்தியானத்துக்குள்ள போன் அடிச்சிடணும்ணே. வண்டி ஏறுற நேரத்துல சொன்னா ஆளுக்கு நான் எங்க போறது? சொன்னா திட்டுவேன். ஆனா வேற ஆள் போடுவேன். நீங்க தூங்காம ஏறி பெட்டிய கவுத்தா, அதவிட பெரிய திட்டு எனக்குத்தான் விழும்."

"சாவு வீட்டுக்குப் போகணும்னா?"

"அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ள. ரூல் அவ்வளவுதான்." சிரிக்காமல் சொன்னார். "மத்தபடி ஊரே நமக்கு சொந்தம்தாண்ணே, எனக்கும்தான். அப்படிப் பாத்தா ஒரு வண்டியும் இங்கேருந்து வெளிய போகாது."

அவர் ஒளித்துப் பேசவில்லை. நானும் வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் மச்சான் முதுகில் தட்டினார். "என்னா மாப்ள, இத்தன வருசத்துல நான் கேக்காதத மொத நாளே கேட்டுப்புட்டீங்க."

பங்குனியில் தொடங்கினேன். கை வந்துவிட்டது. தூக்கம் வர இன்னும் சில வாரங்கள் ஆயின. கம்பளிக்குப் பதிலாக மகள் கருப்புத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்ததில், எங்கள் தெருவில் சிறு பிள்ளைகள்கூட என் வீட்டைக் கடக்கும்போது குசுகுசுவென்று பேசிக்கொண்டு போனார்கள்.

ஆடி முதல் வாரத்தில் ஜாசினில் ஒருவர் தவறிவிட்டார். என் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர். நான் எழுந்தபோது பின்பக்கத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மனைவி அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

அவரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்த இரண்டாவது மருமகள்தான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாளாம். தேத்தண்ணியில் யாரோ சீனி போட மறந்துவிட, ஒருவரும் சொல்லாமல் எல்லாரும் அப்படியே குடித்தார்களாம். பெரிய மகனுக்கு மொட்டை அடித்ததும் முகம் அப்படியே அப்பா மாதிரி ஆகிவிட்டதாம், அதைப் பார்த்ததும்தான் கிழவி வாய்விட்டு அழுதாராம். என்னை நிறையப் பேர் கேட்டார்களாம்.

"என்ன சொன்ன?"

"தூங்குறாருன்னேன். சரிம்மா, தூங்கட்டும்னாங்க."

"அவரப் பத்தி யாராவது பேசினாங்களா, எடுக்குறதுக்கு முன்ன?"

"யாரும் பேசலங்க. கோயில் தலைவரு மைக்க எடுத்தாரு, வேல செய்யல, வச்சிட்டாரு."

"எத்தன மணிக்கு எடுத்தாங்க?"

வாளியில் கோப்பை மோதுகிற சத்தம் நின்றது. அவள் யோசிப்பது தெரிந்தது.

"மணி பாக்கலங்க. நல்ல மழ. மழ விட்டதும் தூக்குனாங்க."

அவளுக்குத் துண்டை எடுத்துக் கதவிடுக்கில் நீட்டினேன். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு, மகள் போட்டு வைத்திருந்த காப்பியைக் குடித்துவிட்டு, டிப்போவுக்குக் கிளம்பினேன்.